பைலட்டுக்கு ஒரு மச்சான்

தொம்மை அண்ணாச்சி தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். ஒரு சாண் நீளம் இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்து, தோணியின் குறுக்குப் பலகையில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தவரின் இடது காதுக்கு நேராகத் தொங்கவிட்டார்.

காற்று நூலை அசைத்துவிடக் கூடாதென்று நானும் செல்வின் சாரும் ஒரு துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றோம். செல்வின் சாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு முகம் வெளுத்துப்போய் நின்றார். ஆனாலும் துண்டை விடவில்லை.

"மூக்க இறுக்கிப் பிடியும். வாய மூடும். இப்ப உள்ளுக்குள்ளயே ஊதும்" என்றார் தொம்மை அண்ணாச்சி.

காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் உள்ளே ஊதுகிற காற்று காது வழியாக வெளியே வரும், நூல் ஆடும். ஓட்டை இல்லையென்றால் நூல் சும்மா தொங்கும். சங்கு குளிக்கிற எங்கள் தோணிக்கு டாக்டர், எக்ஸ்ரே எல்லாம் அந்த ஒரு நூல்தான்.

அது ஆடுமா, ஆடாதா என்பதில்தான் இருந்தது, அந்த மனிதர் மறுபடியும் போர் விமானம் ஓட்டுவாரா, இல்லை ஆயுசுக்கும் மேஜையில் உட்கார்ந்து கோப்பு புரட்டுவாரா என்பது.

நூல் என்ன செய்தது என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் அது தொங்கட்டும்.

போன வாரம் நான் எழுதிய திருக்கை மீன் கதைக்குக் காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "உம்ம எழுத்துல கடல விட உப்பு ஜாஸ்தி" என்கிறார். புகழ்ந்தாரா, வைதாரா என்று தெரியவில்லை. நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். இந்த வாரம் உப்பைக் குறைத்திருக்கிறேன். எல்லாம் அப்படியே நடந்தது.

தலைப்பாகை இல்லாத சிங்

நூலுக்குக் காதைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் பெயர் ஜெயசிங். எங்கள் ஜில்லாவில் உள்ள நாசரேத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். அந்தப் பக்கத்தில் வீதிக்கு நாலு ஜெயசிங் உண்டு. கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்கள். ஆனால் விமானப்படையில் சேர்ந்த முதல் நாள், பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வடக்கத்தி அதிகாரி ஒருவர் தாடியும் தலைப்பாகையும் உள்ள ஆளைத் தேடியிருக்கிறார். கடைசியில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இவர் போய் நின்றாராம்.

"அன்னைக்கு ஆரம்பிச்ச விளக்கம். இன்னும் சொல்லி முடியலை" என்பார்.

வீட்டில் அவரை டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசைப்பட்டார்கள். இவர் ஆகாயத்துக்குப் போகிறேன் என்றதும் அவருடைய அம்மா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் வாயைத் திறந்து, "போறதுதான் போற, அங்கன நின்னுக்கிட்டு எட்டிப் பாக்காத" என்றார்களாம். ஒரு தாயால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்.

"உயரம் எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல. எங்க தாத்தா பனையேறி. தெனமும் காலையில ஏறி இறங்கினவரு. நான் கொஞ்சம் கூட ஏறிட்டேன், அவ்வளவுதான்" என்று அவர் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய ஆட்கள் பெரிய வார்த்தை பேசுவது கிடக்கட்டும். இப்படிப் பேசினால்தான் நமக்குள் இறங்குகிறது.

என்னிடம் அவர் முதன்முதலில் கேட்ட கேள்வியும் அந்த மாதிரிதான். எல்லையில் நடந்த சண்டை முடிந்து மூன்று நாலு மாதம் ஆகியிருக்கும். பங்குனி வெயில். கரையில் உட்கார்ந்து நான் கயிற்றின் முறுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்த செல்வின் சார், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு மணலில் செருப்பு புதையப் புதைய வந்தார். செல்வின் சார் எனக்குப் பழக்கம். கூட வந்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இங்கன யாருக்குக் காது நல்லா இருக்கு?" என்று கேட்டார்.

தொம்மை அண்ணாச்சி தோணியிலிருந்து தலையை நீட்டினார். அவர்தான் எங்கள் தண்டல். தோணியில் அவர் சொன்னால் சொன்னதுதான். "எனக்கு இல்ல" என்றார். "என் வலது காதுல பீடிப் புகை வரும். பாக்கியளா?"

பொய் இல்லை. பீடியை இழுத்து மூக்கைப் பிடித்தாரென்றால் காதிலிருந்து மெல்லிசாகப் புகை கசியும். சின்ன வயதில் ஜலதோஷத்தை மறைத்துக்கொண்டு முத்துக் குளிக்க இறங்கியதன் பலன். கல்யாண வீடுகளில் அவரைக் கேட்டுக் கேட்டுச் செய்யவைப்பார்கள்.

ஜெயசிங் அந்தப் புகையைச் சிரிக்காமல் பார்த்தார். பிறகு தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் அதே கதைதான் அண்ணாச்சி. ஆனா மேல வச்சு."

சளிதான் சுட்டது

மணலில் உட்கார்ந்து அவர் சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் ஓட்டியது ஒரே ஒரு ஆள் உட்காருகிற போர் விமானம். "பக்கத்துல ஆள் கிடையாது. வெத்தல போடக்கூட இடம் இருக்காது" என்று தொம்மை அண்ணாச்சிக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். சண்டை மும்முரமாக நடந்த மார்கழிக் குளிரில், வடக்கே எல்லைப்பக்கம். அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. சளி இருந்தால் பறக்கக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. சொன்னால் அடுத்துப் போகவேண்டிய ஆள் அவருடைய அறைத் தோழர். அவருக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

போனார். வேலையை முடித்தார். திரும்பும்போது பின்னால் எதிரி விமானம் ஒட்டிக்கொண்டது. தப்பிக்க ஒரே வழி, உச்சியிலிருந்து மரக்கிளை உயரத்துக்குக் கல்லைப் போட்ட மாதிரி இறங்குவது. இறங்கினார். பாதியில் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்திருக்கிறது. ஒரு காதும் கேட்காமல், சட்டைக் காலரில் ரத்தத்தோடு எப்படியோ கொண்டுவந்து தரையில் நிறுத்திவிட்டார்.

"எதிரி சுட்டது ஒண்ணும் என்மேல படலை. சளிதான் சுட்டுச்சு" என்றார்.

சவ்வு ஆறிவிட்டது என்று அங்கே டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அழுத்தம் தாங்குமா என்பதை மருத்துவக் குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். ஒரு இரும்பு அறைக்குள் உட்காரவைத்து, காற்றை எடுத்தும் விட்டும், ஆகாயத்தில் ஏறி இறங்குகிற மாதிரி செய்வார்களாம். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அங்கன போய் ஊர் பாக்க கிழிஞ்சா, பேப்பர்ல எழுதிருவாங்க. அப்புறம் மேஜை நாற்காலிதான். முடியாதுன்னா அத நான் முதல்ல தெரிஞ்சுக்கணும். நானே எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்திருவேன்" என்றார். அப்புறம் மணலில் விரலால் ஒரு கோடு போட்டார். "அஞ்சு பாகம், முப்பது அடி, தண்ணிக்குள்ள இறங்கினா, காதுக்கு அது ஒரு ஆகாசத்துல இருந்து இறங்கின மாதிரி. என்னை ஒருக்கா இறக்கிப் பாருங்க."

தொம்மை அண்ணாச்சி அந்தக் கோட்டை இன்னும் ஒரு பங்கு நீட்டி இழுத்தார்.

"அப்ப நாங்க தெனமும் ரெண்டு ஆகாசம் இறங்குதோம். ஒருத்தனும் சொல்லலயே" என்றார்.

அன்றைக்கு அந்தச் சொல்லிலேயே பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டது. இதை வாசிக்கிற யாராவது காதில் கோளாறு வைத்துக்கொண்டு கடலில் போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். அது அவருடைய துணிச்சல், எங்களுடைய அறியாமை. இரண்டும் சேர்ந்த காலம் அது.

மச்சான் இல்லாதவர்

மீதிச் சம்மதத்துக்குத்தான் பெரும்பாடு.

எங்கள் பக்கத்தில் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்து வருகிற வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே இருந்து பிடிப்பது அவனுடைய மச்சான். அதாவது பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப் பிறந்தவனை நம்பமாட்டார்கள். இவன் மேலே வராவிட்டால் அவனுக்குச் சொத்தில் பங்கு கூடும். மச்சான் கயிற்றை விட்டால் அவன் அக்கா தங்கை தாலி அறுப்பாள். அதனால் விடமாட்டான். எவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். என் கயிற்றை என் மனைவி செல்வமேரியின் அண்ணன்தான் பிடிப்பான். என்னோடு சண்டை போட்டுக்கொண்டே பிடிப்பான், ஆனாலும் பிடிப்பான்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டார் தொம்மை அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப மச்சான் கிடையாது. மச்சான் இல்லாதவரத் தண்ணில இறக்கமாட்டேன்."

செல்வின் சார் முன்னால் வந்தார். "நான் இருக்கேன்லா. அவன் அக்கா மாப்பிள்ளை. நானும் மச்சான்தான்."

தொம்மை அண்ணாச்சி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "நாசரேத்து வீடு யாரு பேர்ல இருக்கு?"

"மாமா பேர்ல. பின்னால என் வீட்டுக்காரி எஸ்தருக்கும் இவனுக்கும்."

"இவரு மேல வரலன்னா?"

முன்னால் வந்த செல்வின் சார் இரண்டு எட்டுப் பின்னால் போனார். ஜெயசிங் மணலில் உருண்டு சிரித்தார். சண்டைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாகச் செல்வின் சாரே பின்னால் என்னிடம் சொன்னார்.

கடைசியில் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. "ஏலே இன்னாசி, நீ அவருக்கு மச்சானா இரி. உனக்கு அவரு சொத்துலயும் பங்கு இல்ல, சண்டையிலயும் பங்கு இல்ல" என்றார் தண்டல். ஆனால் வாய்ச்சொல் மச்சான் போதாதாம். ஒரே தட்டில் சோறு தின்ன வேண்டும் என்றார். என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். செல்வமேரி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊளி மீன் குழம்பை ஊற்றினாள். "நல்லாத் தின்னுங்க தம்பி. இவருக்கு நீங்க மாப்பிள்ளைன்னா எனக்கும் ஒரு உறவு ஆச்சு. கயித்த விட்டாருன்னா சோறு கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

அடுத்த ஒரு வாரம் ஜெயசிங் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை விட்டு மூச்சுப் பிடித்துப் பழகினார். தம்பி ஏன் இப்படிச் செய்கிறான் என்று எஸ்தர் அக்கா கேட்டதற்கு, "வெயிலுக்கு" என்று செல்வின் சார் சொன்னாராம். நம்பிவிட்டார்கள். தூத்துக்குடி பங்குனி வெயில் அப்படி.

கன்னம் உப்பிய கதை

சங்கு குளிக்க நாள் குறிக்கிற சர்க்கார் சங்கு ஆபீஸ் லீவு விட்ட ஒரு நாள் காலையில் கிளம்பினோம். தொம்மை அண்ணாச்சி, செல்வின் சார், ஜெயசிங், நான். ஜெயசிங் இறங்குமுன் தண்டல் அவர் காதுக்கு ஒரு நூல் பிடித்துப் பார்த்தார்; ஆடவில்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கீழே மணல்தரை தெரிகிற இடத்தில் அஞ்சு பாகத்தில் தோணியை நிறுத்தினோம்.

எங்கள் சைகை எளிது. கீழே இருந்து ஒரு தடவை இழுத்தால் 'தூக்கு'. இரண்டு தடவை இழுத்தால் 'இளக்கு'; நான் நன்றாக இருக்கிறேன், இன்னும் கயிறு விடு என்று அர்த்தம்.

மூக்கைப் பிடித்து ஊதி அடைப்பை விடுவிக்கிற வித்தை அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களும் மேலே அதையேதான் செய்கிறார்களாம். ஆளைக் கீழே கொண்டுபோகக் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கயிற்றைக் கையில் சுற்றினேன். போனார்.

ஒரு பாகம். இரண்டு பாகம். கயிறு நின்றது.

எனக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் காது அடைக்கும். ஊதுகிறார் போல. ஒரு இழுப்பு வந்தால் கதை முடிந்தது. வந்தது இழுப்பு. ஒன்று. உடனே இன்னொன்று.

"இளக்கு" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற தண்டல், "யாருக்குலே சொல்லுத, நீதான இளக்கணும்" என்றார்.

மூன்று பாகத்தில் ஒரு முறை நின்றது. மறுபடி இரண்டு இழுப்பு. பிறகு நிற்காமல் ஓடி, அஞ்சில் கல் தரை தட்டியது.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். கயிறு பிடிக்கிற மச்சான்மார், கீழே போனவனோடு சேர்ந்து தாங்களும் மூச்சைப் பிடிப்பார்கள். தங்களுக்கு முட்டினால் தூக்குவார்கள். மேலே இருக்கிறவனுக்கு எப்போதும் மூச்சு குறைவு, அதனால் கீழே போனவனுக்கு ஆபத்து இல்லை. நல்ல வழக்கம். ஆனால் நான் அதுவரை கயிறே பிடித்தது இல்லை. நான் சங்கு குளிக்கிறவன். என் மூச்சு அவர் மூச்சைப்போல ஒன்றரைப் பங்கு.

வழக்கத்தை மீறக் கூடாதென்று கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு முட்டவே இல்லை. சுகமாக நிற்கிறேன்.

முதுகில் ஒரு அறை விழுந்தது.

"ஏலே, உன் மூச்ச வச்சு அவர அளக்கியா? தூக்குலே."

தூக்கினேன். அந்த அஞ்சு பாகம் இழுத்தது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் இழுத்ததில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை வந்தது. இருமல், கண் இரண்டும் செக்கச்சிவப்பு, மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே இழுத்துப் போட்டோம்.

"என்னவே மச்சான்" என்றார் மூச்சிரைக்க. "நீரு தூக்குவீருன்னு நான் இருந்தேன்."

"நீரு இழுப்பீருன்னு நான் இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல.

"காது?" என்றார் செல்வின் சார்.

"தெரியல. சத்தமா இருக்கு" என்றார் ஜெயசிங். சிரிப்பு போய்விட்டது. மூடியிருந்த கையைத் திறந்தார். கடலடி மணல் கொஞ்சம், ஒரு செத்த சிப்பி. அவற்றைக் குறுக்குப் பலகையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தொம்மை அண்ணாச்சி சாரத்திலிருந்து இன்னொரு நூலை உருவினார்.

இனி உங்களைக் காக்கவைக்க மாட்டேன். ஜெயசிங் மூக்கைப் பிடித்து ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. நூல் தொங்கியது. "இன்னொருக்கா" என்றார் தண்டல். ஊதினார். நூல் தொங்கியது. மூன்றாம் தடவை தண்டல் தன் புகைக்காதையே அந்தக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

"சிமெண்ட் பூசினாப்ல இருக்கு" என்றார். "மூக்குல வந்தது வெறும் சளி ரத்தம். போய்ப் பறக்கலாம்."

செல்வின் சார் துண்டை விட்டுவிட்டு, மிச்சமிருந்த இட்லியையும் கடலுக்குக் கொடுத்தார்.

தந்தி

ஒரு மாதம் கழித்துத் தந்திக்காரர் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் தெருவில் தந்தி என்றால் யாரோ செத்திருக்க வேண்டும். செல்வமேரி அழ ஆயத்தமாகிவிட்டாள். தந்திக்காரருக்கோ வேறு சந்தேகம்.

"மிலிட்டரில இருந்து வந்திருக்கு. ரெண்டே வார்த்தை. இங்கிலீஷ் எழுத்து, ஆனா இங்கிலீஷ் இல்ல. என்னவே இது, உளவு வேலையா?"

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். படித்தார்.

"மச்சான். இளக்கு."

நான் சைக்கிளோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்ததில் பெடல் காலில் இடித்து ஒரு வாரம் நொண்டினேன்.

பின்னாலேயே கடிதம் வந்தது. லீவில் என்ன செய்தீர்கள் என்று மருத்துவக் குழுவின் பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். இவர் மறைக்காமல் சொல்லிவிட்டார், சண்டையில் சளியை மறைத்தது உட்பட. ஒரு தடவை மறைத்தது போதும் என்று எழுதியிருந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் ஏசினாராம். ஏசி முடித்து, "சரி, கயிறு யார் பிடித்தது?" என்று கேட்டாராம். மச்சான் என்றதும், "கல்யாணம் ஆகவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறது" என்று காகிதத்தைத் திரும்பப் பார்த்தாராம். அதை விளக்கி முடிக்க இரும்பு அறைச் சோதனையைவிட நேரம் ஆனதாம்.

அப்புறம் அவர் வெகுகாலம் பறந்தார். பிறகு புதிய பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். காலையில் முதல் வேலையாக ஒவ்வொருவனையும் மூக்கை உறிஞ்சிக் காட்டச் சொல்வாராம். கல்யாணமும் ஆனது. அசல் மச்சான்கள் மூன்று பேர் வந்தார்கள். ஆனாலும் ஊர் மாறும்போதும் பதவி உயரும்போதும் எனக்கு அந்த இரண்டு வார்த்தை வந்துவிடும். தந்திக்காரர் சைக்கிளில் இருந்து இறங்காமலே, "இளக்காம்வே" என்று தெருமுனையிலிருந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் தந்திக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே வந்தார். "இந்தத் தடவை வார்த்தை மாறியிருக்கு" என்றார்.

"மச்சான். தூக்கு."

ஓய்வு பெற்று அவர் ரயிலில் வருகிற அன்று தொம்மை அண்ணாச்சியும் நானும் தூத்துக்குடி நிலையத்துக்குப் போனோம். கிழவர் புதுச் சாரம் கட்டியிருந்தார்; நூல் உருவ வசதியாக இருக்கும் என்றார். பெட்டி வாசலில் நரை விழுந்த தலை ஒன்று தெரிந்தது. ஒரு கையில் இரும்புப் பெட்டி. இன்னொரு கையை நீட்டினார்.

நான் பிடித்துக் கீழே இறக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவரைப் பார்த்த நொடியிலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன்.